கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன்

ஸ்லைடில் சளியை எப்படித் தேய்ப்பது, சாயத்தை எத்தனை நிமிடம் விடுவது, மெஷினில் கார்ட்ரிட்ஜை எப்படிப் போடுவது என்பதெல்லாம் ஆய்வக வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கை பழகிய பிறகும் எளிதில் பழகாத ஒன்று இந்த வேலையில் இருக்கிறது. எதிரே நிற்பவர் யார், அவருக்கு எந்தச் சோதனை சரி, அது சொல்லும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசிப்பதுதான் அது. முப்பத்திரண்டு வருடம் திண்டுக்கல்லில் காசநோய்ப் பரிசோதனை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பாலான காலம் இதை யோசிக்காமலேயே ஓட்டியிருக்கிறேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது வந்த ஒரு குடும்பம் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். பெயர்கள் நான் வைத்தவை. ஊர் தாடிக்கொம்புப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ராணிக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் செல்வமும் அவளும் சம்பங்கி போட்டிருந்தார்கள். விடிவதற்குள் பூப்பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, செல்வத்தின் சளி டப்பாவோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். இடுப்பில் நான்கு வயது மகள் யாழினி. செல்வம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

செல்வத்துக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். நடுவில் நன்றாக இருந்தவருக்கு மூன்று வாரமாக மறுபடி இருமல், மாலையில் லேசான காய்ச்சல். அவருடைய சளியை மெஷினில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: கிருமி இருக்கிறது, மிகக் குறைந்த அளவில். அதே சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு கிருமிகூடக் கண்ணில் படவில்லை.

நெஞ்சக மருத்துவர் இளைஞர், வேகமானவர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும், “திரும்ப வந்திருக்கு மேடம். இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம். அந்தப் பாப்பாவும் மெலிஞ்சு போயிருக்கு, ஒரு மாசமா காய்ச்சலாம். அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கும். அதுக்கும் சேர்த்துப் பார்த்திரலாம்” என்றார்.

கேட்பதற்கு எல்லாம் பொருந்தியது. அப்பாவின் சளியில் கிருமி, மகளுக்குக் காய்ச்சல். வேறென்ன வேண்டும்? ஆனால் மெஷின் ஒன்று சொல்கிறது, மைக்ரோஸ்கோப் ஒன்று சொல்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு.

நம்முடைய மெஷின் கிருமியின் மரபுப்பொருளைத் தேடுகிறது. அது உயிரோடு இருக்கும் கிருமியினுடையதா, செத்துக் கிடக்கும் கிருமியினுடையதா என்று அதற்குத் தெரியாது. டிபி வந்து குணமானவர்கள் சிலருக்கு, செத்த கிருமியின் மிச்சம் வருடக்கணக்கில் சளியோடு வந்துகொண்டிருக்கும். செல்வத்துக்கு இதற்கு முன் டிபியே வந்ததில்லை என்றிருந்தால் அந்த ரிப்போர்ட்டை நான் இரண்டாம் முறை பார்த்திருக்கவே மாட்டேன். முன்பு வந்தவர் என்பதால் அதே பதிலுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. மெஷின் மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறார்.

மருத்துவரிடம் சொன்னேன். “கல்ச்சருக்கு அனுப்பலாம் டாக்டர். உயிரோட இருந்தா வளரும்.”

“ஆறு வாரம் ஆகும் மேடம். அதுவரைக்கும் சும்மா விட்டு, நிஜமாவே டிபியா இருந்துச்சுன்னா? அந்த வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு.”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கும் அந்தப் பயம்தான். கல்ச்சருக்கு அனுப்பச் சொல்வது சுலபம். அந்த ஆறு வாரம் என்ன செய்வது என்பதற்கு ஆய்வகத்தில் பதில் கிடையாது.

வெளியே வந்து ராணியிடம், “பழைய எக்ஸ்ரே வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“பீரோ மேல சுருட்டி வச்சிருக்கேன் மேடம். அதெதுக்கு இப்ப?”

“கொண்டு வர முடியுமா?”

அவள் யாழினியைக் கணவரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய், மத்தியானத்துக்குள் திரும்பி வந்தாள். மருத்துவர் அதையும் அன்று காலை எடுத்த புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரலின் மேல் பக்கத்தில் அதே தழும்பு, அதே இடம், அதே அளவு. புதிதாக எதுவும் இல்லை.  பிறகு, “சரி, சாதாரணக் கிருமிகளுக்கான மருந்து கொடுத்துப் பார்ப்போம். வாரா வாரம் அவர் வரணும். கல்ச்சர் அனுப்புங்க. மாஸ்க் போடச் சொல்லுங்க, தனியாப் படுக்கச் சொல்லுங்க” என்றார். செல்வம் அன்று முதல் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டார்.

இப்போது கேள்வி யாழினியிடம் போனது. செல்வத்துக்கு வந்திருப்பது டிபி இல்லையென்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் எதனால்?

சின்னப் பிள்ளைகளிடம் சளி கேட்டுப் பயனில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருமினால் விழுங்கிவிடும். விழுங்கியது வயிற்றில் இருக்கும் என்பதால், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். முதல் நாள் நர்ஸ் குழாயை உறிஞ்சினால் வெள்ளையாகப் பால் வந்தது.

ராணி குற்றவாளி மாதிரி நின்றாள். “முழிச்சதும் அழுதுச்சு மேடம். ரெண்டு மடக்குதான் குடுத்தேன்.”

அந்தப் பாலை மெஷினில் போட்டிருந்தாலும் ஏதாவது ஒரு பதில் வந்திருக்கும். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் போடத்தான் போனாள். நான் தடுத்தேன். தகுதியில்லாத மாதிரியில் வரும் ‘இல்லை’ ரொம்ப ஆபத்தானது. வந்துவிட்டால் யாரும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள், ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் அவளுக்கு அத்தனை நிச்சயமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. காரணம் பின்னால் வருகிறது.

அடுத்த இரண்டு நாளும் பிள்ளையை அழவிட்டு, ராணியும் அழுது, சரியாக எடுத்தோம். இரண்டிலும் கிருமி கிடைக்கவில்லை. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் தடிப்பு நன்றாகப் பெரிதாக எழும்பியது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதியில் லேசான வீக்கம் மாதிரி ஒன்று. இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

குழந்தைகள் மருத்துவர் நிதானமான அம்மா. வார்டில் வைத்து என்னிடம் சொன்னார். “இந்த வயசுப் பிள்ளைங்க உடம்புல கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும். நீங்க இல்லைன்னு சொன்னாலும் நான் விட்டுர மாட்டேன். ஊசித் தடிப்பு, எப்பவோ கிருமி உள்ள போயிருக்குன்னுதான் சொல்லும், இப்ப நோயா இருக்கான்னு சொல்லாது. கூட இருக்கிற யாருக்காவது டிபி உறுதின்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே ஆரம்பிச்சிருவேன். அப்பாவுக்கு இல்லேங்கிறீங்க. அப்ப யாரு?”

எனக்கு அது புதிதாக இருந்தது. அத்தனை வருடமாக நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்ததில் மட்டுமே பதிலைத் தேடிப் பழகியவள் நான். இந்தப் பிள்ளைக்கான பதிலோ வேறு யாரோ ஒருவருடைய நெஞ்சில் இருக்கிறது. அது யார்?

ராணியைக் கேட்டேன். “வீட்டுல வேற யாரும்மா இருக்கா?”

“என் தம்பி மணி இருக்கான் மேடம். கடைகளுக்கு வயரிங் வேலை பாக்குறவன். பேகம்பூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ஒடம்பு சரியில்லைன்னு அஞ்சு மாசமா எங்க கூடத்தான் இருக்கான். பாப்பா அவன் மேலயேதான் கெடக்கும்.”

“அவருக்கு என்ன ஒடம்பு?”

“சோர்வு, காச்சல், சாப்பாடு எறங்க மாட்டேங்குது. ஆனா டிபி எல்லாம் இல்ல மேடம்.”

“எப்படிச் சொல்ற?”

ராணி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “நீங்கதானே டெஸ்ட் எடுத்து ஒன்னுமில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க!”

பையில் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. இரண்டு சளி மாதிரிகள், இரண்டிலும் கிருமி இல்லை. கீழே என் கையெழுத்து.

ஆய்வகத்துக்குத் திரும்பிப் பழைய பதிவேட்டை எடுத்தேன். மணியின் வரிசையைக் கண்டுபிடித்தேன். மாதிரி எப்படி இருந்தது என்று எழுதும் கட்டத்தில், இரண்டு நாளும், ‘எச்சில்’ என்று எழுதியிருந்தது. என் எழுத்துதான். எச்.ஐ.வி. நிலை என்ற கட்டத்தில் ‘தெரியாது’. அதுவும் என் எழுத்துதான்.

அந்த வாரம் மெஷினுக்கான கார்ட்ரிட்ஜ் இருப்பு குறைவாக இருந்தது. யாருக்கு முதலில் போடுவது என்று நானே வரிசை வைத்திருந்தேன். ‘லேசான இருமல்’ என்று எழுதியிருந்த மணியின் சீட்டு மைக்ரோஸ்கோப்போடு நின்றுவிட்டது. நெஞ்சிலிருந்து வராத எச்சிலில், அதுவும் நிறையக் கிருமி இருந்தால் மட்டுமே காட்டக்கூடிய மைக்ரோஸ்கோப்பில் தேடிவிட்டு, ‘கிருமி இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். வேறு மாதிரி கொண்டு வரச் சொல்லவில்லை. ‘தெரியாது’ என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்கவில்லை. வேண்டிய எல்லாமே பதிவேட்டின் அந்த ஒரு வரிசையில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை, எழுத மட்டும் செய்திருக்கிறேன்.

மணியை வரச் சொல்லி ராணியிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். வர மாட்டேன் என்றுவிட்டார். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் நோயாளி வீட்டுக்குப் போகும் வழக்கம் கிடையாது. அதற்கென்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

தென்னை நிழலில் கட்டிலில் படுத்திருந்தார் மணி. இருபத்தேழு வயது என்று சீட்டில் இருந்தது. பார்த்தால் நாற்பது சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை வார்டில் பிள்ளைக்குத் துணை வைத்துவிட்டுப் பூப்பறிக்க வந்திருந்த ராணி, காபி போட உள்ளே போனாள். அவர் எழுந்து உட்கார்ந்து, “என்னம்மா, இம்புட்டுத் தூரம்?” என்று கேட்டபோது நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். உடம்பின் எதிர்ப்பு ரொம்பவும் குறைந்தவர்களிடம் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“தம்பி, நீங்க வேற எதுக்காச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?”

அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சாப்பிட்டேன். இப்ப இல்ல.”

“எதுக்குன்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரியில எந்த ரூம்ல வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மாடியில கடைசி ரூமு.”

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் அறை அது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இங்க வந்தப்புறம் டப்பாவ எங்கம்மா வைக்கிறது? அக்கா வீடு பெருக்கும், துணி மடிக்கும், தலையணைக்கு ஒற போடும். ஒரே ரூமு. அதுக்குத் தெரிஞ்சா பாப்பாவ எங்கிட்ட விடுமா?”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். பிறகு, “உங்க அக்காவுக்கு என் வாயிலருந்து ஒன்னும் போகாது. ஆனா பாப்பா ஒடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருக்கு. உங்கள முழுசா டெஸ்ட் பண்ணாத்தான் அதுக்கு என்ன செய்யிறதுன்னு டாக்டருக்குத் தெரியும். நாளைக்கு வருவீங்களா?” என்றேன்.

“என்னாலயா?”

“தெரியல தம்பி. தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடுறேன்.”

ராணி காபி கொண்டு வந்தாள். மூவரும் சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டு குடித்தோம்.

மறுநாள் மணி வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்தாராம். நேராக வார்டில் சேர்த்தார்கள். சளி கேட்டால் வரவில்லை. இருமுவதற்கே தெம்பு இல்லை.

எங்களிடம் சிறுநீரில் பார்க்கும் பட்டை ஒன்று இருந்தது. கர்ப்பத்துக்குப் பார்க்கும் பட்டை மாதிரி, கோடு விழும். காசநோய்க் கிருமியின் மேல்தோலிலிருந்து உதிர்ந்த துணுக்கு சிறுநீரில் வருகிறதா என்று அது பார்க்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அதைப் போட்டால் டிபி இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதனால்தான் எல்லோருக்கும் போடுவதில்லை. எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பு விழுந்துபோனவர்களின் உடம்பில் கிருமி எங்கும் பரவியிருக்கும், துணுக்கு சிறுநீருக்கும் வந்துவிடும். மைக்ரோஸ்கோப் கைவிடுகிற அதே ஆட்களிடம்தான் இந்தப் பட்டை நன்றாக வேலை செய்கிறது. உடம்பு எவ்வளவு தோற்கிறதோ அவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஒரு சோதனை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சொட்டு விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து நிமிடம். முதல் கோடு சீக்கிரம் விழுந்தது, அது எப்போதும் விழும். இரண்டாவது கோடு இருக்கிறதா, இருக்க வேண்டும் என்ற ஆசையில் பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம். புதிதாகச் சேர்ந்த பெண்ணை அழைத்து, யாருடையது என்று சொல்லாமல், “எத்தனை கோடு?” என்றேன்.

“ரெண்டு மேடம். ரெண்டாவது வெளிறி இருக்கு.”

பட்டையோடு வந்த மாதிரி அட்டையோடு ஒப்பிட்டோம். இரண்டுதான்.

அன்று மாலையே மணிக்கு டிபி சிகிச்சை தொடங்கியது. மறுநாள் உப்பு நீராவி பிடிக்க வைத்துக் கொஞ்சம் நல்ல சளி எடுத்தோம். மெஷின் அதிலும் கிருமியைக் கண்டுபிடித்தது. முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் சொன்னது. வீட்டில் ஒருவருக்கு டிபி உறுதி என்று குழந்தைகள் மருத்துவரிடம் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. யாழினிக்கும் அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். இரண்டாவது மாதம் பிள்ளை வார்டு நர்ஸிடம் போய், “எனக்கு ரெண்டு முட்டை” என்று கேட்டதாக ராணி சொன்னாள்.

யாழினிக்கு மணியிடமிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிள்ளையிடம் கிருமியே கிடைக்காதபோது யாருடையது என்று எதை வைத்து ஒப்பிடுவது? ஆனால் ஒன்று நிச்சயம். செல்வத்தின் ரிப்போர்ட்டோடு நாங்கள் நிறுத்தியிருந்தால் வேறு யாரையும் தேடியிருக்க மாட்டோம். பிள்ளைக்கு மருந்து எப்படியோ கிடைத்திருக்கும். மணி அந்தக் கட்டிலிலேயே போயிருப்பார்.

மூன்று வாரம் கழித்து, எச்.ஐ.வி. மாத்திரையும் மறுபடி தொடங்கி, மணி உட்கார்ந்து சாப்பிடும் நிலைக்கு வந்த பிறகு, வார்டுக்குப் போனேன். பதிவேட்டில் இருந்ததை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சொன்னால் புகார் எழுதுவார், ஓய்வு பெறப்போகும் நேரத்தில் வீண் வம்பு என்று என் கணவர் பயந்தார்.

“தம்பி, மூனு மாசத்துக்கு முந்தி நீங்க குடுத்தது சளியே இல்ல, எச்சி. அது எனக்கு அன்னைக்கே தெரியும். எழுதியும் வச்சிருக்கேன். வேற கொண்டு வரச் சொல்லியிருக்கணும். சொல்லாம, ஒன்னுமில்லைன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது.”

 கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “எச்சின்னு எனக்கும் தெரியும்மா. வேணும்னேதான் துப்புனேன். இருமித் துப்புனா அது இதுன்னு எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயம். நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்ததும், அந்தச் சீட்ட அக்காகிட்டக் காட்டிட்டு, பாப்பாவத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன்.”

 அவர் ஏமாற்ற வந்தார், நான் ஏமாறத் தயாராக இருந்தேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்து வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். அதைக் கவனிக்கத்தான் மாதிரி எப்படி இருந்தது என்ற அந்தக் கட்டமே பதிவேட்டில் இருக்கிறது.

அக்காவிடம் அவரே ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராணி ஒருநாள் முழுக்கப் பேசவில்லையாம். மறுநாள் காலையில், “எங்கிட்ட மறைக்க எடம் தேடுனியாடா?” என்று கேட்டுவிட்டு, அவருடைய மாத்திரை டப்பாவை வாங்கி யாழினியின் மருந்துக்குப் பக்கத்தில் வைத்தாளாம். இதை மணி எனக்குச் சொன்னார். ராணி இன்றுவரை சொன்னதில்லை.

செல்வத்தின் கல்ச்சர் மட்டும் பாக்கி. அந்த ஆறு வாரத்தை நான் சும்மா கடக்கவில்லை. அவர் வாராவாரம் வரும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். இருமல் குறைந்திருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. ஆனாலும் வளர்ந்துவிட்டால்? நான் பேசித்தானே மருத்துவர் காத்திருந்தார்? நான் சரி என்று நிரூபிக்க ஆசைப்பட்டு ஒருவருடைய சிகிச்சையைத் தள்ளிப் போட்டுவிட்டேனா? மணியின் விஷயத்தில் என் ‘இல்லை’ தப்பாகப் போயிருக்க, செல்வத்தின் விஷயத்தில் இன்னொரு ‘இல்லை’க்காக வாதாடியிருக்கிறேன். எந்தத் தைரியத்தில்?

ஏழாவது வாரத் தொடக்கத்தில் ரிப்போர்ட் வந்தது. எதுவும் வளரவில்லை.

ராணி யாழினியின் மருந்து வாங்க வந்திருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்து, “உங்க வீட்டுக்காரருக்கு டிபி திரும்ப வரலம்மா. ஒன்னுமில்ல” என்றேன்.

அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். நீங்க ஒன்னுமில்லைன்னு சொன்னா எனக்கு இப்ப பயமா இருக்கு.”

முப்பத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை. கையில் இருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“உன் வீட்டுக்காரரு குடுத்தது எச்சி இல்லம்மா, நெஞ்சுல இருந்து வந்த கெட்டிச் சளி. மெஷின் காட்டுனது பழைய கிருமியோட மிச்சம். அது உயிரோட இருக்கான்னு பாக்க, அதுக்குப் பிடிச்ச சாப்பாடு எல்லாம் போட்டு, கதகதப்பா வச்சு, ஆறு வாரம் காத்திருந்தாங்க. ஒன்னுகூட முளைக்கல. பழைய எக்ஸ்ரேயும் புது எக்ஸ்ரேயும் ஒன்னு போல இருக்கு. சாதாரண மருந்துலயே காச்சல் நின்னுருச்சு. பழைய நோய் அவரு நெஞ்சுக்குழாயக் கொஞ்சம் கெடுத்து வச்சிருக்கு. அதனால சளி பிடிச்சா இந்த மாதிரி மறுபடி இருமல் வரும். வந்தா உடனே வரணும். இனிமே வரவே வராதுன்னு நான் சொல்லல. இன்னைக்கு இல்லைன்னு சொல்றேன். எப்படிச் சொல்றேன்னும் சொல்லிட்டேன்.”

அவள் நடுவில் இரண்டு கேள்விகள் கேட்டாள். செத்த கிருமி பிள்ளைக்கு ஒட்டுமா என்று ஒன்று. ஒட்டாது என்றேன். வளர்க்கிற இடத்துக்குப் போகும் வழியிலேயே கிருமி செத்துப்போயிருந்தால் என்று இன்னொன்று. நான் உண்மையிலேயே அசந்துபோனேன். அப்படி நடக்கக்கூடும் என்றும், அதற்காகத்தான் குளிர்ச்சியாக வைத்து, இரண்டு தடவை தனித்தனி நாளில் எடுத்து அனுப்பினோம் என்றும் சொன்னேன். அவள் யோசித்தாள். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழுந்து யாழினியின் மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள்.

“சரி மேடம். இன்னைக்கு அவர மோட்டார் ரூம்ல இருந்து வீட்டுக்குள்ள வந்து படுக்கச் சொல்லிர்றேன்.”